மூன்று உயிர்கள், ஒரு நாணயம்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அலமகோர்டோ என்னும் சிறு நகரின் பழைய குப்பைமேட்டைச் சூழ்ந்து ஒரு கூட்டம் நின்றது. புழுதிக்காற்று கண்ணைத் திறக்கவிடாமல் வீசிற்று. மண்வாரி இயந்திரம் அள்ளிக் கொட்டிய குப்பையிலிருந்து நசுங்கிய அட்டைப்பெட்டிகளும், நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்றே அழைத்த பிளாஸ்டிக் விளையாட்டுப் பேழைகளும் வெளிப்பட்டபோது கூட்டம் ஆரவாரித்தது. முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன், 1983இல், அட்டாரி நிறுவனம் விற்க வழியின்றிக் கொண்டுவந்து புதைத்த சரக்கு அது. அவற்றுள் 'ஈ.டி.' என்னும் ஆட்டமும் ஒன்று. 1982இல் உலகையே கவர்ந்த திரைப்படத்தின் பெயரால், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடலாகாது என்ற அவசரத்தில், ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஐந்தே வாரங்களில் எழுதிக் கொடுத்த ஆட்டம். வாங்கிய சிறுவர் குழிக்குள் விழுந்து, ஏறி, மறுபடியும் அதே குழிக்குள் விழுந்து சலித்துப்போயினர். எஞ்சியது மண்ணுக்குப் போயிற்று.

அன்று தோண்டியெடுத்தவை ஏறத்தாழ 1,300. அவற்றுட் பல ஏலத்தில் விடப்பட்டு மொத்தத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டித் தந்தன. ஒன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ஆட்டத்தை எழுதிய வார்ஷாவும் அன்று அந்தப் புழுதியில் நின்றிருந்தார். இடைக்காலத்தில் அவர் உளநலச் சிகிச்சையாளராகியிருந்தார் என்பது, கதையாசிரியர் எவரும் துணிந்து எழுதமாட்டாத ஒரு பொருத்தம்.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் புனிதர் ஒருவரின் எலும்புத் துணுக்கையும், அவர் உடுத்த ஆடையின் நூலிழையையும் கண்ணாடிப் பேழையில் வைத்து வணக்கம் செலுத்தும் மரபில் வந்த நாம், பிறருடைய பேழைகளைக் கண்டு அவசரப்பட்டு நகைத்தல் ஆகாது. திருப்பண்டம் என்பது வாழப்பட்ட ஒரு வாழ்வுக்குச் சான்று. அந்தச் சான்றுக்காகவே அதைப் போற்றுகிறோம், எலும்புக்காக அன்று. அலமகோர்டோவில் மண்ணிலிருந்து எழுந்த பேழைகள் எதற்குச் சான்று என்று கேட்பதே முறை. இக்கட்டுரையில் நாம் கேட்க விழைவதும் அதுவே.

முதல் தலைமுறை வீடியோ விளையாட்டுகளின் மீதான ஏக்கம் இன்று ஒரு பெருந்தொழில். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' என்னும் மென்பொருள், கூடங்களில் நின்ற பழைய இயந்திரங்களைப் போலவே நம் கணிப்பொறியை நடிக்கச் செய்தது. 2016இல் நிந்தெண்டோ நிறுவனம் தன் பழைய விளையாட்டுப் பெட்டியை உள்ளங்கையளவில் சிறிதாக்கி, முப்பது ஆட்டங்களை அதனுள் அடைத்து விற்றது. 2024இல், பிரிட்டனின் பழைய 'ஸ்பெக்ட்ரம்' கணிப்பொறி அதே ரப்பர் விசைகளுடன் மறுபிறவி எடுத்தது. 1980இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்; கையில் பணமும் நெஞ்சில் பாரமும் சேரும் பருவம். எத்தலைமுறையும் தன் பிள்ளைப் பருவத்தை எண்ணி ஏங்கவே செய்யும். நாமும் கோலிக்குண்டை நினைத்து ஏங்குகிறோம். அதில் வாதிட ஒன்றுமில்லை.

ஆனால் இவர்கள் இன்னொன்றும் கூறுகின்றனர். அந்த ஆட்டங்கள் இன்றைய ஆட்டங்களைவிட மெய்யாகவே உயர்ந்தவை என்கின்றனர். ஏக்கம் அவரவர் சொந்த விஷயம்; தரம் பற்றிய கூற்றோ பொதுவானது. ஆகவே அதை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. கருந்திரையில் ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்றாக ஐம்பத்தைந்து வேற்றுலக உருவங்கள். அவை பக்கவாட்டில் நடந்து, விளிம்பைத் தொட்டதும் ஒரு படி இறங்கி, மீண்டும் எதிர்ப்புறம் நடக்கும். கீழே, உதிர்ந்துகொண்டே வரும் நான்கு மதில்களின் பின்னே நம் ஒற்றைப் பீரங்கி. மனிதரைச் சுடும் ஆட்டம் தகாது என்று நிறுவனம் கருதியதாலேயே எதிரிகள் வேற்றுலகத்தார் ஆயினர். இந்த நாண உணர்வு பின்வந்த ஆட்டக்காரர்களிடம் நெடுநாள் நீடிக்கவில்லை என்பதை இடையே குறித்துவைப்போம்.

இந்த ஆட்டத்தின் உயிர்நிலை ஒரு குறைபாட்டிலிருந்து பிறந்தது. அக்காலச் செயலகம் ஐம்பத்தைந்து உருவங்களையும் வரைய இயலாமல் திணறியது. சிலவற்றைச் சுட்டு வீழ்த்தியதும் அதன் சுமை குறைந்தது. எஞ்சியவை விரைவாக நடந்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். ஆகவே நாம் வெல்ல வெல்ல எதிரி வேகம் கொள்கிறான். கடைசியாக எஞ்சும் ஒருவன் திரையின் குறுக்கே பாய்கிறான். பின்னணியில் இறங்குமுகமாக ஒலிக்கும் நான்கே சுரங்கள் அவ்வேகத்துக்கு ஏற்பத் துரிதமாகின்றன; கேட்பவர் நெஞ்சு தானே அந்தத் தாளத்தில் அடித்துக்கொள்கிறது. கூட்டம் முழுவதும் அழிந்தால் அமைதி வருமா என்றால், புதிய கூட்டம் இன்னும் கீழிருந்து புறப்படுகிறது. இந்த ஆட்டத்தை எவரும் வெல்வதில்லை. எவ்வளவு நேரம் தோற்காமலிருந்தோம் என்பதே கணக்கு. இத்தனை சிறிய கருவியில் இத்தனை இறுக்கமான வடிவம் கூடியிருப்பதை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்; உயர்ந்த படைப்பு என்ற கூற்று இங்கே பொய்க்கவில்லை.

எனினும் தோல்வி அங்கே ஏன் கட்டாயமாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நாணயத்துக்காக. 1972இல் அட்டாரியின் முதல் 'பாங்' இயந்திரம் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. சில நாட்களில் அது நின்றுபோக, பழுது பார்க்கச் சென்றவர் கண்ட காரணம், உண்டியில் நாணயம் நிரம்பி வழிந்ததே. அன்றுமுதல் கூடத்து ஆட்டங்களின் இலக்கணம் அமைந்துவிட்டது. மூன்று உயிர்கள், சில நிமிடங்கள், பிறகு அடுத்த நாணயம். ஒருவர் நெடுநேரம் நின்று ஆடினால் உரிமையாளருக்கு நட்டம். ஏங்குவோர் இப்பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றனர். மறந்த இடத்தைக் கட்டுக்கதையால் நிரப்பவும் செய்கின்றனர். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தபோது ஜப்பான் நாட்டிலேயே நூறு யென் நாணயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது என்ற கதை எத்தனையோ நூல்களில் அச்சாகியிருக்கிறது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பிள்ளைகளின் பையிலிருந்து காசு போனதைத்தான் இந்த நினைவு ஒரு வீர காவியமாக்கி வைத்திருக்கிறது.

1980இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாத்தானி படைத்த 'பேக்-மேன்' இவற்றினின்று விலகி நிற்கும் இனிய படைப்பு. பெண்களும் இணையராக வருவோரும் விரும்பும் ஆட்டமொன்றைத் தர எண்ணிய அவர், சுடுவதை விடுத்து உண்பதைக் கருவாக்கினார். மஞ்சள் வட்டம் ஒன்று வழிகளெங்கும் புள்ளிகளைத் தின்றபடி செல்ல, நான்கு பேய்கள் நான்கு வெவ்வேறு குணத்துடன் துரத்துகின்றன. பெரிய புள்ளியைத் தின்றால் சற்று நேரத்துக்குப் பேய்கள் நீலமாகி அஞ்சி ஓடும், துரத்தப்பட்டவன் துரத்துவான். ஆனால் கட்டங்கள் ஏற ஏற அந்த நேரம் சுருங்குகிறது. பத்தொன்பதாம் கட்டம் முதல் பேய்கள் அஞ்சுவதே இல்லை; பெரிய புள்ளி வெறும் புள்ளியாகிவிடுகிறது. அதையும் தாங்கி 256ஆம் கட்டத்தை எட்டியவர்க்குப் பரிசு ஏதுமில்லை. எண்ணிக்கையைத் தாங்கும் நினைவகம் அதற்குமேல் இடமின்றி நிரம்பிவிட, திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறுகிறது. ஆட்டம் அங்கே உடைகிறது. இவ்வளவு தூரம் ஒருவன் வருவான் என்று படைத்தவர்கள் எண்ணவில்லை. பேக்-மேன் படம் பதித்த சட்டையை அணிந்து செல்லும் இளைஞர்களுள் எத்தனைபேர் அந்தப் பெரிய புள்ளியின் வலிமை வற்றுவதைக் கண்டிருப்பர்?

மூன்றாவதாக ஓர் ஆட்டத்தைச் சற்று நிதானமாகவே பார்க்க விரும்புகிறோம்; நம் கருத்து முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 1980இல் அட்டாரியின் டேவ் தியூரர் உருவாக்கிய 'மிஸைல் கமாண்ட்'.

திரையின் அடியில் ஆறு நகரங்கள். மூன்று ஏவுதளங்கள், தளத்துக்குப் பத்து எதிர்க்கணைகள். வானத்திலிருந்து கோடு கோடாக ஏவுகணைகள் இறங்குகின்றன. உருட்டுப்பந்தை உள்ளங்கையால் உருட்டி, வானில் ஓர் இடத்தைக் குறித்து, கணையை ஏவி, அங்கே ஒரு வெடிப்பை விரியச் செய்கிறோம். அந்த வெடிப்புக்குள் நுழையும் ஏவுகணை அழியும். எதிரி எங்கிருக்கிறான் என்பது தெரியாது. அவனைத் தாக்க வழியே கிடையாது. காக்க மட்டுமே முடியும். ஆட்டம் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதில் தியூரர் உறுதியாக நின்றார். அந்த ஆறு நகரங்களும் முதலில் கலிபோர்னியாவின் உண்மையான நகரங்களாகவே எண்ணப்பட்டன. பின்னர்ப் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர் போனதால் அவை எவருடைய நகரமும் ஆகத்தக்கவை ஆயின.

ஒவ்வோர் அலை ஓய்ந்ததும் இயந்திரம் கணக்குப் பார்க்கிறது. எஞ்சிய கணைகள் இத்தனை, எஞ்சிய நகரங்கள் இத்தனை என்று ஒவ்வொன்றாக ஒலியெழுப்பி எண்ணுகிறது. சில நொடி மூச்சு, அடுத்த அலை. வரவர ஏவுகணைகள் விரைகின்றன, இடைவழியில் கிளை பிரிகின்றன. ஆறையும் காக்க இயலாது என்பது ஒரு கட்டத்தில் நமக்குத் தெளிவாகிறது. அப்போது ஆட்டக்காரன் ஒரு தேர்வைச் செய்கிறான். எவரும் அவனைக் கேட்பதில்லை, திரையும் கேள்வியாக எதையும் முன்வைப்பதில்லை. ஆயினும் கணை குறைந்த நேரத்தில் அவன் கை தானாகவே நடுவிலுள்ள இரண்டு நகரங்களின் பக்கம் சாய்கிறது. ஓரத்து நகரங்களை அவன் கைவிட்டுவிட்டான். கைவிட்டதைச் சிந்திக்க அவனுக்கு நேரமில்லை. கணை முழுவதும் தீர்ந்த பிறகும் ஏவுகணைகள் இறங்கிக்கொண்டிருக்கும். பந்தை உருட்டிப் பயனில்லை. நின்று பார்க்கத்தான் முடியும்.

இறுதி நகரமும் அழிந்ததும் 'ஆட்டம் முடிந்தது' என்ற வழக்கமான அறிவிப்பு வருவதில்லை. திரை முழுதும் விரியும் பெருவெடிப்பு. அதனூடே 'முடிவு' என்று மட்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கிய காலத்தில் தம் ஊர் அணுகுண்டால் அழிவதாகத் தமக்குத் தீக்கனவுகள் வந்ததைத் தியூரர் பின்னாளில் கூறியிருக்கிறார். வியப்பில்லை. வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று பலமுறை அழிக்கத்தக்க அளவில் ஆயுதம் குவித்திருந்த காலம் அது. 1983 மே மாதம் அமெரிக்க ஆயர்கள் அணு ஆயுதங்களைப் பற்றி ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டு, நகரங்களையும் அங்கு வாழும் மக்களையும் குறிவைத்துத் தாக்குவதை எந்நிலையிலும் ஏற்க முடியாதெனக் கண்டித்தனர். அம்மடலைப் படித்த பெற்றோரின் பிள்ளைகள், அதே ஊர்களில், இருபத்தைந்து சென்ட் நாணயத்தைப் போட்டு அந்த நகரங்களைக் காத்துத் தோற்றுக்கொண்டிருந்தனர். மடல் கூறியதையும் இயந்திரம் காட்டியதையும் நாம் ஒப்பிட முனையவில்லை. ஆனால் ஒரே அச்சம் இரண்டிலும் பேசிற்று என்று சொல்வதில் பிழையில்லை.

இந்த அச்சம்தான் ஏக்கத்தின் கைகளில் காணாமற்போகிறது. 'மிஸைல் கமாண்ட்' இன்று சுவரொட்டியாகவும் தேநீர்க் கோப்பையில் சித்திரமாகவும் கிடைக்கிறது. பளிச்சென்ற கோடுகள், அழகிய வெடிப்பு வட்டங்கள்! அக்கோடுகள் எதைக் குறித்தன என்பதை நினைவில் வைத்து ஒருவர் அதில் தேநீர் அருந்துவாரானால் அவர் நெஞ்சுரம் மிக்கவர்தாம்.

வீட்டுக் கணிப்பொறிகளின் கதை சற்று வேறு. அங்கே நாணயம் இல்லை. 1982 ஏப்ரலில் பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் வெளியிட்ட ஸ்பெக்ட்ரமின் விலை, சிறிய நினைவகத்துடன் 125 பவுண்டு, பெரியதற்கு 175. தொழிலாளர் குடும்பங்களும் எட்டிப் பிடிக்கத்தக்க முதல் வண்ணக் கணிப்பொறிகளுள் ஒன்று. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாப் பெட்டியே நிரல்களைச் சேமிக்கும் களஞ்சியம். ஆட்டத்தை ஏற்ற ஒலிநாடாவைச் சுழலவிட்டால் பல்லைக் கூசவைக்கும் கிறீச்சொலி எழும். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் இளநீலமுமாக, பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் துடிக்கும். நான்கைந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கடைசி நொடியில் பிழை என்று ஒரு வரி தோன்றிவிட்டால், நாடாவை முதலிலிருந்து சுற்றித் தொடங்க வேண்டும். ஆடப்போகும் ஆட்டத்தைவிட அந்தக் காத்திருப்பே நெடுநாள் நினைவில் நின்றது எனப் பலர் கூறுவதில் உண்மை இருக்கிறது. காத்திருந்து பெற்ற பண்டத்தைப் பிள்ளைகள் எளிதில் வீசியெறிவதில்லை.

அந்தக் கணிப்பொறியில் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டே வண்ணங்கள் இடம்பெறலாம். ஓர் உருவம் மற்றொன்றின் அருகே சென்றால் ஒன்றன் வண்ணம் மற்றதன் மேல் ஒழுகிவிடும். இக்குறையோடு மல்லாடி, 1983இல், மேத்யூ ஸ்மித் என்னும் பதினேழு வயதுப் பையன் 'மேனிக் மைனர்' என்ற ஆட்டத்தை எழுதினான். இருபது குகைகள்; ஒவ்வொன்றிலும் குறைந்துகொண்டே வரும் காற்று; தவறினால் மேலிருந்து ஒரு பூட்ஸ் கால் இறங்கி நாயகனை நசுக்கும். பெரிய நிறுவனம் எதுவும் வரைந்து கொடுக்காத அந்தக் குறும்பான குகைகளில், ஒரு பதின்பருவத்தானின் தனி மனம் தெரிகிறது. இதழ்களில் அச்சான நிரல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து, ஒரு புள்ளியை விட்டதால் ஓடாமற்போன நிரலில் அந்தப் புள்ளியைத் தேடி மாலைகளைக் கழித்த பிள்ளைகள் அந்நாட்டில் ஏராளம். அவர்களுட் பலர் பிற்காலத்தில் அத்துறையின் வல்லுநராயினர். விளையாட்டைப் பெறுபவனுக்கும் ஆக்குபவனுக்கும் இடையே அன்று சுவர் மிகத் தாழ்வாயிருந்தது. ஏங்குவோரின் வழக்கில் ஆகச் சிறந்த சாட்சியம் இதுவே என்று கருதுகிறோம்; இதை மறுப்பதற்கில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நிரல் எழுதவில்லை, பெற்றோரிடம் 'படிப்புக்கு' என்று சொல்லி வாங்கி விளையாடியதோடு நின்றனர் என்பதும் உண்மைதான்; அதனால் சாட்சியம் பழுதாகிவிடாது.

இருந்தும், அந்தச் சாட்சியத்தைச் சொல்வோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதை எப்படிக் கவனியாமல் விடுவது? விளம்பரங்கள் பெரும்பாலும் பையன்களை நோக்கியே பேசின. இன்றைய ஏக்கமும் பையன்களின் குரலிலேயே பேசுகிறது. 1981இல் வந்த 'சென்டிபீட்' ஆட்டத்தை எட் லாக்குடன் இணைந்து படைத்தவர் டோனா பெய்லி என்ற பெண். 1982இல் வந்த 'ரிவர் ரெய்ட்' கேரல் ஷா என்ற பெண்ணின் கைவண்ணம். நினைவுகூரும் கூட்டங்களில் இப்பெயர்கள் எத்தனை தடவை ஒலிக்கின்றன? ஆண்களாயினும் தொழிலாளியின் பெயரை மறைப்பது அன்றைய வழக்கமே. அட்டாரி தன் ஆட்டங்களில் ஆக்கியோன் பெயரைப் போட மறுத்ததால், வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' என்ற தம் ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறையை அமைத்து, எவருக்கும் சொல்லாமல் தம் பெயரை அங்கே எழுதிவைத்தார். கோவில் தூணின் பின்புறத்தில் தன் குறியைச் செதுக்கிச் சென்ற கல்தச்சன் நம் நினைவுக்கு வருகிறான்.

அந்த இரகசிய அறை பிற்காலத்தில் ஒரு நாவலுக்கே கருவாயிற்று. எர்னஸ்ட் க்லைனின் 'ரெடி பிளேயர் ஒன்' 2011இல் வெளிவந்தது. 2018இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதைப் படமாக்கினார். ஏக்கத்தின் வேதநூல் எனத்தக்க அந்நாவலின் களம் 2045ஆம் ஆண்டு. உலகம் பாழ்பட்டுக் கிடக்கிறது. மக்கள் கணிப்பொறி காட்டும் ஒரு மாயவுலகுக்குள் தஞ்சம் புகுந்திருக்கின்றனர். அதைப் படைத்த செல்வந்தர் இறக்கும்போது, தம் பிள்ளைப் பருவத்து ஆட்டங்களையும் படங்களையும் யார் துல்லியமாக அறிந்திருக்கிறாரோ அவருக்கே தம் சொத்து என்று எழுதிவைக்கிறார். நாயகன் பேக்-மேனைப் பிழையின்றி ஆடி முடிக்கிறான். அதில் கிடைக்கும் நாணயம் பின்னர் அவனுக்கு ஓர் உயிரைத் தருகிறது.

விறுவிறுப்பான நாவல், ஒரே மூச்சில் படிக்கலாம். ஆனால் ஒரு முதியவர் தம் இளமையைப் பிறர் மனப்பாடம் செய்ய வேண்டிய தேர்வாக்கிவிட்டதில் உள்ள கொடுமை ஆசிரியருக்கு உறைக்கவில்லை. 2045இன் சிறுவனுக்குச் சொந்தமாக ஓர் ஆட்டமோ பாட்டோ இல்லை. அவன் நினைவு முழுவதும் இரவல். வெளியே உலகம் எரிவதற்கான காரணத்தை நாவல் சில பத்திகளில் சொல்லிக் கடந்துவிடுகிறது. தியூரரின் இயந்திரம் நகரங்கள் எரிவதிலிருந்து கண்ணை எடுக்கவிடாமல் நம்மைப் பிடித்துவைத்தது. அவ்வியந்திரங்களைக் கொண்டாடும் நாவலோ எரியும் நகரத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்து விளையாடச் சொல்கிறது. படத்தின் முடிவில் வாரத்தில் இரண்டு நாள் மாயவுலகுக்கு விடுமுறை விடுகிறார்கள். ஸ்பீல்பெர்க்குக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. நோய்க்கு மருந்து இரண்டு நாள் என்று கணக்கிட்டுவிட்டார் போலும்.

நம் ஊர்களில் இப்போது பெரிய உணவு விடுதிகளில் கம்பங்கூழ் பரிமாறுகிறார்கள். சிறு மண்கலயத்தில், மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து, நல்ல விலைக்கு. சுவையில் குறை சொல்ல முடியாது, உடலுக்கும் நல்லது. ஆனால் பஞ்ச காலத்தில் அந்தக் கூழை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தான் வெறுங்கலயத்தைக் கழுவிக் குடித்த பாட்டியிடம், 'அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடு' என்று நாம் சொன்னால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்? பசியை நீக்கிவிட்டுப் பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பதை அவர் அறிவார்.

பழைய ஆட்டங்களின் புதிய பெட்டிகளிலும் நிகழ்வது இதுவே. நிந்தெண்டோவின் சிறிய பெட்டியில், ஆட்டத்தை எந்த நொடியிலும் நிறுத்திச் சேமித்துவைத்து, தோற்றால் அந்த நொடிக்கே திரும்பலாம். புதிய ஸ்பெக்ட்ரமில் தவறிய கணத்தைப் பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆட்டம் வரக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கணிப்பொறியில் நடிக்கும் கூடத்து இயந்திரங்களுக்கோ நாணயம் ஒரு விசையழுத்தம்தான். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். படம் அதேதான். ஒலி அதேதான். சுரம் பிசகவில்லை. நிஷிகாடோவின் ஆட்டம் நெஞ்சை அடிக்கச் செய்ததற்கும், பெரிய புள்ளி வலிமை இழந்தபோது கை வியர்த்ததற்கும் காரணமாயிருந்த ஒன்று மட்டும் அங்கே இல்லை: மூன்று உயிர்தான், பையிலுள்ள நாணயமும் இதுவே கடைசி என்ற நிலை. வயது ஐம்பதைக் கடந்தவர் தம் பழைய ஆட்டத்தை மீண்டும் கண்டு, அரைமணி நேரத்தில் சலித்து, 'அன்றிருந்த சுவை இல்லையே' என்று பெட்டியை அலமாரியில் வைப்பதற்குத் தம் முதுமையே காரணம் என்று எண்ணிக்கொள்கிறார். பாவம், அவர்மேல் குற்றமில்லை.

கட்டுரைக்கென நாமும் ஒரு மாலை 'மிஸைல் கமாண்ட்' ஆடிப் பார்த்தோம். உருட்டுப்பந்து இல்லை, சுட்டியை வைத்துத்தான். நம் தம்பியின் மகன், பதினொரு வயது, அருகில் அமர்ந்திருந்தான். நான்காம் அலையில் இரண்டு நகரங்கள் போயின. ஆறாம் அலைக்குள் எல்லாம் போயிற்று. திரை விரிந்து எரிந்தது. அந்தச் சொல் வந்தது. நாம் எண்ணியிருந்ததைவிட அது நம்மைச் சற்றுத் தாக்கவே செய்தது. கையை எடுக்காமல் அப்படியே அமர்ந்திருந்தோம்.

"ஏன் பெரியப்பா விட்டுட்டீங்க? பின்னாடி ஓட்டியிருக்கலாமே" என்றான் அவன்.

எந்த விசை என்று காட்டியும் கொடுத்தான். பிறகு தானே ஆட அமர்ந்தான். ஒரு நகரத்தின்மேல் கோடு இறங்கும்போதெல்லாம் விசையை அழுத்தினான். வெடிப்புச் சுருங்கியது, கோடு வானத்துக்கு ஏறியது, நகரம் எழுந்து நின்றது. அவன் மீண்டும் குறிபார்த்தான். பன்னிரண்டாம் அலைவரை அப்படியே சென்றான். நடுவில் ஒருமுறை, "இது யாரோட ஊரு?" என்று கேட்டான். பெயர் வைக்கவில்லை என்றோம். "ஏன்?" என்றான், நாம் மறுமொழி சொல்வதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது.

எட்டு மணிக்குச் சாப்பிட அழைத்தார்கள். ஆறு நகரங்களும் நின்றபடியே இருக்க, அவன் திரையை அணைத்துவிட்டுக் கைகழுவப் போனான்.